கரிசல் தின்ற பேரிங்

மாருதி 800 காரின் பின் சக்கரத்தில் ஹப் என்று தனியாக ஒரு சாமான் கிடையாது. பிரேக் ட்ரம்தான் ஹப். ட்ரம்மின் நடுத்துளையில் உள்ளுக்கு ஒன்றும் வெளிக்கு ஒன்றுமாக இரண்டு பால் பேரிங். இரண்டுக்கும் நடுவே குழாய்த்துண்டாக ஒரு ஸ்பேசர். சுற்றாமல் நிற்கிற ஸ்பிண்டிலின் மேல் இத்தனையும் ஏறி உட்கார்ந்து, கேஸில் நட்டால் இறுகி, ஒரு ஸ்பிலிட் பின்னால் பூட்டப்பட்டிருக்கும். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன அந்தக் காரைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது. நான் எழுதுவது எங்கள் வீட்டு வண்டியின் இடது பின் சக்கரத்தைப் பற்றி மட்டும்.

எங்கள் ஊர், கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகிற சாலையிலிருந்து பிரிந்து உள்ளே இருப்பது. வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கல்யாணம், ஆஸ்பத்திரி, செண்பகவல்லி அம்மன் கோயில் பங்குனித் திருவிழா என்றால் அது கார். மற்ற நாளெல்லாம் பின் சீட்டை மடக்கிவிட்டு உளுந்து மூட்டை, உர மூட்டை, மக்காச்சோள விதை, கழற்றின கிணற்று மோட்டார் என்று அப்பா அதில் ஏற்றாத சுமை இல்லை. ஊருக்குள் வரும் பாதையில் ஓடைக்குக் குறுக்கே ஒரு தரைப்பாலம். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் பாலத்தின் மேலேயே போகும். பின் சக்கரம் பாதி நனைந்து அக்கரை ஏறினால் எதிரே கரிசல் சேறு.

கரிசல் சேற்றில் வண்டி ஓட்டாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கத்தான் வேண்டும். செம்மண் சேறு சக்கரம் சுற்றச் சுற்ற உதிர்ந்துவிடும். கரிசல் உதிராது. ஒட்டினதன் மேலேயே ஒட்டி, மட்கார்டு வரைக்கும் அடைத்து, கடைசியில் சக்கரத்தையே சுற்றவிடாமல் பண்ணிவிடும். மழை நாளில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள் இந்தப் பக்கம் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். மான்ட்மோரில்லோனைட் என்கிற களிமண் வகை இதில் அதிகம். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை இறங்கும். புதுசாகக் கட்டின வீட்டுச் சுவர் இரண்டாம் வருஷமே விரிசல் விடுவதும் இந்த உப்பலாலும் சுருக்கத்தாலும்தான். களிமண் துகள் ஒவ்வொன்றும் 2 மைக்ரானுக்குக் கீழே, ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் சின்னது. அது தண்ணீரோடு கூழாக வந்து பேரிங் சீலின் ரப்பர் உதட்டில் தங்கும். காய்ந்ததும் அதில் கலந்திருக்கிற பொடிமணல் ரப்பரைத் தேய்க்கும். அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே போக வழி ஆகிவிடும். கிரீஸ் வெளுத்து நீர்த்துப்போகும், குண்டுகள் துருப்பிடிக்கும், கோடையில் சத்தம் கேட்கும்.

எங்களுக்கு அந்தச் சத்தம் ஊர்ப் பாதையில் கேட்கவே இல்லை. ஜல்லி தெறிக்கிற சத்தத்தில் எதுதான் கேட்கும்? மதுரை - திருநெல்வேலி சாலையை நான்கு வழியாக்கின பிறகு, கயத்தாறு போகும்போது இடைசெவல் பக்கத்தில்தான் தெளிவாகக் கேட்டது. நாற்பதைத் தாண்டினதும் பின்னாலிருந்து ஓர் ஊளை, தூரத்தில் மில் சங்கு பிடிப்பதுபோல. வேகம் கூடினால் சத்தமும் ஏறும். கிளட்சை மிதித்து நியூட்ரலில் ஓடவிட்டாலும் மாறவில்லை. ஆகவே இன்ஜினும் கியரும் காரணமில்லை. அப்பா டயர் தேய்ந்துவிட்டது என்றார். அவருக்கு எல்லாமே டயர்தான்.

பெரிய மாமாவைக் கூப்பிட்டு ஒரு தரம் ஓட்டிப் பார்க்கச் சொன்னோம். மாமா கோவில்பட்டியில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆளில்லாத அகலச் சாலையில் வலது பக்கமாக ஓர் அரை வளைவு, இடது பக்கமாக ஓர் அரை வளைவு என்று வண்டியை அசைத்தார். வலது பக்கம் வளைத்தால் ஊளை கூடியது. இடது பக்கம் வளைத்தால் அடங்கியது.

“வலது பக்கம் ஒடிச்சா பாரம் எந்தப் பக்கம் சாயும் மாப்ள?”

“இடது பக்கம், மாமா.”

“அப்ப இடது பேரிங்குதான் போச்சு.”

வீட்டுக்கு வந்து இடது பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, நீள ஸ்குரூ டிரைவரின் முனையை ட்ரம்முக்குப் பின்னால் இருக்கிற தகட்டில் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னார். பிறகு என் காதில் வைத்தார். உள்ளே நறநறவென்று அரைபட்டுக்கொண்டிருந்தது. வலது பக்கச் சக்கரத்தில் வைத்தால் சீரான ஒரு மெல்லிய இரைச்சல் மட்டும். மில்லில் ஷிஃப்டு ஏறினதும் ஒவ்வொரு மோட்டாராக இப்படிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு வருவார்களாம்.

“ரிங் ஃப்ரேம்ல கதிரு நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுத்துக்கு மேல போகும். இந்தச் சக்கரம் அறுவதுல போனா என்ன சுத்து சுத்தும்?”

பன்னிரண்டு அங்குல ரிம்முக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 600 சுற்றுக்குக் கொஞ்சம் மேலே வந்தது.

“அறுநூறு சுத்துக்கெல்லாம் பேரிங்கு சாவாது. இத மண்ணுதான் தின்னுருக்கு.”

மாமாவுக்குத் தெரியாத ஒரு கதையைப் பின்னாளில் படித்தேன். தெரிந்திருந்தால் ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பார். சுவீடனில் கோத்தன்பர்க் நகரத்தில் ஒரு பஞ்சாலை. கட்டடம் நின்றது களிமண் நிலத்தில். நிலம் ஒரு பக்கம் அமுங்க, ஒரு பக்கம் அப்படியே நிற்க, மில்லின் நீளமான ஷாஃப்டுகள் நேர்கோட்டை விட்டு விலகி, பேரிங்குகள் அடுத்தடுத்துப் போய்க்கொண்டிருந்தன. அங்கே எந்திரப் பராமரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த சுவென் விங்குவிஸ்ட், ஷாஃப்ட் கொஞ்சம் சாய்ந்தாலும் தானே சாய்ந்துகொடுக்கிற இரட்டை வரிசைப் பால் பேரிங் ஒன்றை உருவாக்கினார். 1907-இல் எஸ்.கே.எஃப். கம்பெனி அதை வைத்துத்தான் தொடங்கியது. அதற்கும் வெகு முன்னால், 1794-இல், வேல்ஸ் நாட்டு இரும்பாலை அதிபர் ஃபிலிப் வாகன் வண்டி அச்சில் குண்டுகளைப் போட்டுச் சுற்றவிடக் காப்புரிமை வாங்கியிருந்தார் என்பது வேறு விஷயம். எனக்குப் பிடித்தது சுவீடன் கதைதான். களிமண், பஞ்சு, மில், பேரிங். கோவில்பட்டிக்காரனுக்கு இதில் எதுவும் அந்நியமில்லை.

வண்டியை டவுனுக்குக் கொண்டுபோகலாம் என்றார் அப்பா. மாமா ஒத்துக்கொள்ளவில்லை. பேரிங் இறுகிப் பிடித்துவிட்டால் நடுச்சாலையில் சக்கரம் நின்றுபோகும் என்பது ஒரு காரணம். இன்னொன்று அவருடைய தொழில் பிடிவாதம். பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றுகிறவன் யாராக இருந்தாலும் அவருக்குப் பகையாளி. “அமுக்கணும், அடிக்கக் கூடாது” என்று மில்லில் சின்னப் பையன்களுக்குச் சொன்னதை எங்களுக்கும் சொன்னார்.

மாட்டுத் தொழுவத்தின் சிமெண்டுத் தரையை முதல் நாளே கழுவிவிட்டோம். தாத்தா காலத்தில் இரட்டை மாட்டு வண்டி நின்ற இடம் அது. அந்தச் சக்கரத்தின் குடத்துக்குள் பேரிங் எதுவும் கிடையாது. இரும்பு அச்சில் குடம் நேராகச் சுற்றும், கடையாணி அதைத் தடுத்து நிறுத்தும். வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை ஒரு மூங்கில் குழாயில் அடியில் தொங்கும். குடத்துக்கும் அச்சுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்ததால் மண் போனாலும் மையோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். பேரிங்கில் அப்படி ஓர் இடைவெளி இல்லாததுதான் அதன் பலமும் பலவீனமும். உள்ளே போன மண் வெளியே வராது.

மண் தரையில் ஜாக்கி வைத்தால் பாரம் ஏற ஏற அமுங்கும். சிமெண்டுத் தரையிலும் அடியில் ஒரு பலகை போட்டோம். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல். கியரில் போட்டு நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் ட்ரம் கழலாது. கேஸில் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட வேண்டும். ஸ்பானரில் குழாயைச் செருகி மிதித்தால்தான் அது அசையும், ஜாக்கியில் நிற்கிற வண்டியில் அந்த மிதி ஆகாது. தூக்கின பிறகு அடியில் மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி வண்டியை அதன்மேல் இறக்கினார் மாமா. பக்கத்து வீட்டுக்காரர் ஹாலோ பிளாக் கல்லைக் கொண்டுவந்து கொடுத்தார். மாமா நன்றி சொல்லி ஒதுக்கி வைத்துவிட்டார். அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

ட்ரம் இழுத்த இழுப்புக்கு வரவில்லை. ட்ரம்மின் முகத்தில் மரை போட்ட இரண்டு சின்னத் துளைகள் இருக்கும். அதில் இரண்டு போல்டைப் போட்டு, இதில் அரைச் சுற்று அதில் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி முடுக்கினால் ட்ரம் தானே வெளியே தள்ளிக்கொண்டு வரும். சுத்தியலுக்கு வேலையே இல்லை. கழற்றினதும் உள்ளே கிடந்த பிரேக் தூசியை ஊதப்போனேன். மாமா என் தோளைப் பிடித்து இழுத்தார். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருக்கலாம், அந்தத் தூசி நெஞ்சுக்குள் போகக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைப் பொட்டலமாகக் கட்டிப் போட்டோம்.

பழைய பேரிங்குகளை எடுக்க, ஸ்பேசரை ஓரமாக ஒதுக்கி, பித்தளைக் கம்பியை மறுபக்கத்திலிருந்து கொடுத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினார். தூக்கிப் போடுகிற சாமானைத் தட்டலாமாம். உள்பக்கப் பேரிங் வெளியே வந்தபோது கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் காபிப் பொடி நிறத்தில் ஒரு பசை இருந்தது. அதைவிட மோசம் ட்ரம்மின் துளை. பேரிங்கின் வெளிவளையம் அசையாமல் கவ்வியிருக்க வேண்டிய சுவர் பளபளவென்று மின்னியது. பேரிங் இறுகினபோது வளையமே ட்ரம்முக்குள் சுற்றித் துளையை அகலமாக்கியிருக்கிறது.

இங்கேதான் வேலையின் முடிவு இருக்கிறது. துளை தளர்ந்துவிட்டால் சுவரில் பஞ்ச் கருவியால் வரிசையாகப் புள்ளி குத்தி, அந்த மேட்டில் புதுப் பேரிங்கை இறுக்கி ஏற்றுகிற பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் உண்டு. மெல்லிய தகடு வைத்து ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஏறும்போது நல்ல இறுக்கமாகத்தான் இருக்கும். குத்தின மேடுகள் கொஞ்ச நாளில் மழுங்கிப்போகும், தகடு நகரும், பேரிங் மறுபடி சுற்றும். அப்பா செலவை நினைத்து, “குத்திப் போட்டா ஒரு வருஷம் ஓடாதா?” என்றார். மாமா, “மாட்டு வண்டின்னா ஓடும், அத்தான்” என்றார். புது ட்ரம்முக்குச் சம்மதம் கிடைத்தது. ஹப் போனால் ஹப்பை மாற்ற வேண்டும். இதில் எனக்கு இன்றுவரை வேறு கருத்து இல்லை.

கோவில்பட்டியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு நானும் மாமாவும் போனோம். பேரிங்கின் வளையத்தில் பொறித்திருக்கிற எண்ணைப் படிக்க அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். 6204 என்றிருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்க வேண்டும். நாலைந்து இருபது, அதன் உள்விட்டம் 20 மில்லிமீட்டர். 6205 என்றால் 25. நாலுக்குக் கீழே இருக்கிற எண்களுக்கு மட்டும் இந்த வாய்ப்பாடு பொருந்தாது. பின்னால் இசட்இசட் என்று இருந்தால் இரண்டு பக்கமும் தகட்டு மூடி, 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல். மில் மோட்டாருக்கும் காருக்கும் கிணற்று மோட்டாருக்கும் எண் முறை ஒன்றேதான். அட்டைப் பெட்டியை மாமா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெட்டியை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே, வளையத்தில் பொறித்த எழுத்து ஒழுங்காக, ஒரே ஆழத்தில் இருக்கிறதா என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். கடைக்காரர் முகம் சுளிக்காமல் அடுத்த பெட்டியையும் எடுத்துக் கொடுத்தார்.

ஏற்றுகிற வேலைக்கு மாமா தேர்ந்தெடுத்த கருவி சித்திரை வெயில். புது ட்ரம்மில் துரு பிடிக்காமலிருக்கத் தடவியிருந்த எண்ணெயைப் பெட்ரோலால் துடைத்துவிட்டு, மொட்டை மாடியில் தகரத்தின் மேல் வெயிலில் வைத்தார். பேரிங்குகளைப் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் போகாமல் சுற்றி, அத்தையின் ஃப்ரிட்ஜில் ஐஸ் வைக்கிற தட்டில் வைத்தார்.

“பிள்ளைகளுக்கு ஐஸ் போட்டிருக்கேன், அதுல கொண்டாந்து இரும்பை வைக்கிறீகளே!”

“ரெண்டு மணிக்கு எடுத்துருவேன்.”

கணக்கு இதுதான்: இரும்பு சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். ட்ரம் நிழல் சூட்டைவிட 30 டிகிரி ஏறி, பேரிங் 45 டிகிரி இறங்கினால், இந்த அளவுப் பேரிங்குக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு அளவுக்கு இடம் கிடைக்கும். பேரிங் ட்ரம்முக்குள் கவ்வி நிற்கிற இறுக்கமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ட்ரம்மைத் துணி வைத்துத்தான் தூக்க முடிந்தது. ஆடி பிறந்துவிட்டால் இந்த வேலை ஆகாது. கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே காற்று, பிரித்து வைத்த பேரிங்கில் புழுதியைக் கொண்டுவந்து கொட்டிவிடும். சித்திரையிலும் தொழுவத்தின் வாசலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, பழைய வேட்டியை விரித்து அதன்மேல்தான் வேலை நடந்தது.

உறையைப் பிரித்த மறு நொடியே குளிர்ந்த பேரிங்கில் நீர் பூக்கத் தொடங்கும், அதற்குள் காரியம் முடிய வேண்டும். சீல் இருக்கிற முகம் வெளியே பார்க்க வேண்டும். கழற்றின பழைய பேரிங்கின் வெளிவளையத்தைப் புதியதன் மேல் வைத்து, அதன்மேல் கட்டை வைத்து மாமா இரண்டு கையாலும் அமுக்கினார். பாதி தானே இறங்கியது, மீதிக்கு மரச்சுத்தியால் மெதுவாக நாலு தட்டு. பிரேக் ட்ரம்மில் கவ்வுவது வெளிவளையம். ஆகவே அமுக்குவதும் அதை மட்டும்தான். உள்வளையத்தில் தட்டினால் அந்த அடி குண்டுகளின் வழியாகப் போய், ஓடுபாதையில் பள்ளம் விழும். புதுப் பேரிங் முதல் நாளே ஊளையிடும். ட்ரம்மைத் திருப்பி, உள்ளே கிரீஸ் அப்பி, ஸ்பேசரைப் போட்டு, இரண்டாவது பேரிங். ஸ்பேசரை மறந்துவிட்டு நட்டை முடுக்கினால் இரண்டு உள்வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கிக் குண்டுகள் நசுங்கும். மாமா அந்தச் சின்னக் குழாயைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

மற்றது எளிது. லாரிப் பட்டறையில் இரவல் வாங்கின டார்க் ஸ்பானரால் புத்தகத்தில் போட்ட அளவுக்கு நட்டை இறுக்கி, புது ஸ்பிலிட் பின்னைச் செருகி வளைத்து, ஹேண்ட் பிரேக்கை நாலைந்து தரம் இழுத்துவிட்டோம். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் கொஞ்சமும் ஆட்டமில்லை. கயத்தாறு வரை போய்த் திரும்பி நின்றதும் மாமா இறங்கி, இரண்டு பின் சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே இளஞ்சூடு. கை வைக்க முடியாத சூடு இருந்தால் பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது என்று அர்த்தம். சங்கு நின்றுபோயிருந்தது. அப்பா அதற்குப் பிறகும் உளுந்து மூட்டை ஏற்றினார். அதை யாராலும் நிறுத்த முடியவில்லை.

கரிசல் காட்டில் கார் வைத்திருப்பவர்கள் கார்த்திகை மழை விட்டதும் ஒரு காரியம் செய்யுங்கள். பின் சக்கரங்களின் உள்பக்கம் அப்பியிருக்கிற மண்ணைக் காயவிடாமல் தண்ணீர் ஊற்றி இறக்குங்கள். குழாய்த் தண்ணீர் போதும். பீய்ச்சி அடிக்கிற பம்பை நேராகச் சீலுக்குக் காட்டினால் மண்ணை நீங்களே உள்ளே தள்ளியதாகிவிடும். காய்ந்த பிறகு ஜாக்கியில் தூக்கி, ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்து, சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். பேரிங் மாற்ற நேர்ந்தால் துளை பளபளக்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டு ட்ரம்மை முடிவு செய்யுங்கள். நட்டுக்குப் பழைய ஸ்பிலிட் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள். புதியதன் விலை ஒரு டீக்கு மேல் போகாது.